எதிர்வீட்டுக் கதவு மணி

எதிர்வீட்டில் மணி அடிக்கும். கதவைத் திறந்தால் வாசலில் ஈ காக்கை இருக்காது. ஒரு மாதமாக இதே கூத்து. பகலில் அங்கே ஆள் கிடையாது. அவர்கள் வேலை முடிந்து திரும்பும் சாயங்காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு இந்த வீட்டு வாலுவும் வந்திருப்பாள். பழி யார் தலையில் விழும் என்று சொல்லவா வேண்டும்? பட்டப்பெயரே வாலு.

"அப்பன்னு ஒருத்தன் இருந்து கண்டிச்சு வளர்த்திருந்தா இப்படியா ஆகும்?" என்று எதிர்வீட்டு அக்கா மாடிப்படியில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். அவள் கணவர் குமாஸ்தா. வீட்டுக்காரரிடமே போய்ச் சொல்லிவிட்டார். புருஷனை விட்டு வந்த வாலுவின் அம்மாவுக்கு வீடு கொடுக்க முதலிலேயே இழுத்தவர் அந்த வீட்டுக்காரர். "இன்னொரு தடவை புகார் வந்தா காலி பண்ணிடும்மா" என்றார். படுத்த படுக்கையான அப்பாவையும் இரண்டாம் வகுப்புப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

"சத்தியமா நான் இல்லைம்மா" என்றாள் வாலு. அம்மா நம்பவில்லை. முதுகில் ஒன்று வைத்தாள்.

அவளுடைய அப்பாவும் வேறு படுத்தினார். கூப்பிட வசதியாக அவர் கட்டிலில் ஒரு பொத்தானும் சமையலறையில் அதற்கான மணியும் வைத்திருந்தாள். நடுவில் கம்பி இல்லாத வகை. மணி அடிக்கும். ஈரக் கையோடு ஓடினால், "நான் எங்கம்மா கூப்பிட்டேன்?" என்பார். வயசாச்சு, அழுத்திவிட்டு மறந்துபோகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சோதிப்பது அவள் வேலை. ஒரே இடத்தில் நூல் விட்ட சட்டையாக வந்துகொண்டிருந்தால் தைத்தவளைத் திட்டிப் பயனில்லை, மெஷினைப் பார்க்க வேண்டும். அங்கே அது பாலபாடம். வீட்டில் ஏனோ தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் படி பெருக்கும்போது தண்ணீர் கேன்காரர் வந்து எதிர்வீட்டுப் பொத்தானை அழுத்தினார். இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே குயில் கூவியது. உள்ளேயிருந்து அப்பாவின் குரல்: "நான் அழுத்தலைம்மா! அப்புறம் என்னைச் சொல்லாதே!"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிர்வீட்டுப் பொத்தானைக் கிட்டப் போய்ப் பார்த்தாள்; அப்பாவுடையதும் இதே வகை.

இந்தப் பொத்தானுக்குத் தன்னுடைய மணி எது என்று தெரியாது. அழுத்தினால் காற்றில் ஒரு குறியை அனுப்பும், அவ்வளவுதான். அந்தக் குறிக்கு வைத்திருக்கும் மணி பக்கத்தில் எத்தனை இருந்தாலும் அத்தனையும் பாடும், சுவர் தடுக்காது. இரண்டு வீட்டு மணியும் தெருமுனைக் கடையில் வாங்கியவை. ஒரே கம்பெனி, ஒரே குறி.

"வாலு, இங்க வா. ரெண்டு கையையும் தலைமேல வை."

பிறகு எதிர்வீட்டுக்காரர்களை வாசலுக்கு அழைத்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அப்பா, இப்ப அழுத்துங்க!"

எதிர்வீட்டில் குயில் கூவியது. அக்கா குழந்தையின் தலைமேலிருந்த கைகளைப் பார்த்தாள். "என்னடி இது மாயம்?"

"மாயமில்லைக்கா. எங்கப்பா கூப்பிட்டா உங்க மணியும் ஏன்னு கேக்குது."

"சரி சரி, சீக்கிரம் சரிபண்ணும்மா" என்றார் குமாஸ்தா.

"பண்றேன் சார். முதல்ல வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, குழந்தை மேல தப்பில்லைன்னு சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

குமாஸ்தா மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள். போன் போடப்பட்டது. "அப்படியா, சரி, இருக்கட்டும் இருக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர்.

"கையை இறக்கலாமாம்மா?"

"இறக்குடி கண்ணு. உன்னை அடிச்சது என் தப்பு."

"அப்ப தாத்தாகிட்டயும் சொல்லு. அவரு மறக்கவே இல்லை."

அப்பாவின் பொத்தானைத் திறந்தாள். உள்ளே வரிசையாகக் குட்டி ஊசிகள், அவற்றின் மேல் கறுப்புத் தொப்பிகள். எந்தெந்த ஊசிக்குத் தொப்பி இருக்கிறது என்பதுதான் குறி. சமையலறை மணிக்குள்ளும் அதே வரிசை. இரண்டிலும் கடைசித் தொப்பியைக் கழற்றிவிட்டு, பேட்டரியைத் திரும்பப் போட்டாள். அப்பா அழுத்தினார். சமையலறையில் மட்டும் மணி அடித்தது.