ஆறாவது மாடியில் எனக்கொரு அறை

கெய்ரோவுக்கு ஏழு முறை போயிருக்கிறேன். அங்கே என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால், என் நாத்தனார் நகாத்தின் சமையலறையைப் பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அவள் வீட்டுக் குழாயில் எந்தப் பக்கம் ஒழுகும், எந்த அடுப்பு பற்றாது, எல்லாம் எனக்கு அத்துப்படி.

கடைசியாகப் போனது அவள் மகன் கல்யாணத்துக்கு. எங்கள் ஊர் கிர்காவிலிருந்து இரண்டு வாத்து, ஒரு தூக்கு நெய், மூட்டை நிறைய வெயிலில் பொங்கவிட்ட ரொட்டி, எல்லாம் சுமந்துகொண்டு போனேன். நான்கு நாள் சமைத்தேன், கழுவினேன். ஐந்தாம் நாள் அவள் மாடிப்படியில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிறாள்: "ஊர்லேருந்து இவங்க வந்துட்டாப் போதும், என் வீடு ஓசி ஹோட்டல்தான்."

ஓசியா? என் இரண்டு வாத்தையும் எலும்புகூட மிச்சமில்லாமல் தின்றுவிட்டு ஓசியா? இனி இந்த வீட்டில் ஓர் இரவுகூடப் படுக்கமாட்டேன் என்று அன்றைக்கே அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டேன். சட்டி கழுவிக்கொண்டேதான் ஆணையிட்டேன், வேறென்ன செய்ய?

நகாத்துக்கு என்னை ஆரம்பத்திலிருந்தே ஆகாது. தம்பிக்கு ஒரு பள்ளிக்கூட டீச்சரைப் பார்த்து வைத்திருந்தாள். தம்பி ஷஹாத்தாவோ என்னைக் கட்டிக்கொண்டார். முப்பத்தோரு வருடமாக, இது யார் என்று எவர் கேட்டாலும், "ரொட்டிக்கடைக்காரர் மக" என்பாள். தம்பி பொண்டாட்டி என்று அந்த வாய் ஒருநாளும் சொன்னதில்லை.

இந்த வசந்தத்தில் புறா விற்ற காசைச் சேர்த்துவைத்துக்கொண்டு கணவரிடம் சொன்னேன், கெய்ரோ போகிறோம், மூன்று நாள், நம் காசில், ஹோட்டலில். வேலை ஒன்றும் இல்லை, சுற்றிப் பார்க்கத்தான். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ராம்சிஸ் ஸ்டேஷனில் காலை பத்து மணிக்கு இறங்கினோம். மலிவான ஹோட்டல் தெருவோரத்தில் கண்ணாடிக் கதவு போட்டுக்கொண்டு நிற்காது. தலையை நிமிர்த்திப் பார்க்கவேண்டும். பழைய கட்டடங்களின் நாலாம் மாடி, ஏழாம் மாடியில் தூசி படிந்த போர்டு தொங்கும். நான் அண்ணாந்து பார்த்தபடி நடந்தேன். ஷஹாத்தா பெட்டியோடு பின்னால் வந்தார்.

முதல் ஹோட்டலில் விலை கேட்டதும் திரும்பிவிட்டோம். இரண்டாவதில் விலை படிந்தது. கவுண்டரில் இருந்தவன் எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"அம்மா, இதுல 'செல்வி'ன்னு போட்டிருக்கே?"

போட்டிருக்கிறதுதான். அட்டை எடுத்த நாளில் அந்த ஆபீஸர் என் பிறப்புச் சான்றிதழை மட்டும் பார்த்து அப்படி எழுதிவிட்டார். மாற்றவேண்டுமென்றால் இன்னொரு நாள் வரிசையில் நிற்கவேண்டும். "யாரு பாக்கப்போறா, விடு" என்று ஷஹாத்தா சொன்னார். அதற்குப் பிறகு எத்தனை முறை புதுப்பித்தாலும் அதே செல்விதான். நான்கு பிள்ளை பெற்ற செல்வி. அவர் அட்டையிலோ 'திருமணமானவர்' என்று இருக்கிறது. யாரோடு என்று இல்லை.

"கல்யாணச் சான்றிதழ் இருக்கா?" என்றான் அவன். "இல்லாம ரெண்டு பேருக்கு ஒரே ரூம் தரமுடியாது. போலீஸ் வந்து ரிஜிஸ்டரைப் பாப்பாங்க."

"என் தலையப் பாருப்பா. இந்த நரைய வெச்சுக்கிட்டு நான் ஓடிவந்தவ மாதிரியா இருக்கேன்?"

"ஃபோன்ல போட்டோ வந்தாலும் போதும்மா."

சான்றிதழ் ஊரில், என் இரும்புப் பெட்டிக்குள். பெட்டிச் சாவி என் கழுத்தில். மருமகள் கை வைத்துவிடக் கூடாதென்று நான்தான் பூட்டிக்கொண்டு வந்தேன். அந்தச் சாவியை அங்கேயே பிடுங்கி எறியலாம் போல எரிச்சல் வந்தது.

மூன்றாவது ஹோட்டலிலும் இதே கதை. நான்காவதில் ஒருவன் சிரிக்கவே செய்தான். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கடையில் அரிசியும் பருப்பும் கலந்த கொஷரி தின்றோம்.

"உம்மு நாதிர், கோவப்படாத" என்றார் ஷஹாத்தா, காரச் சாற்றை அள்ளி ஊற்றிக்கொண்டே. மூத்தவன் பெயரை வைத்து, நாதிரின் அம்மா என்றுதான் என்னைக் கூப்பிடுவார். "நகாத் வீட்டுக்கே போயிடலாமே. கால் மணி நேரம்தான்."

"போங்க. நல்லா போங்க. நான் ரயிலேறி ஊருக்குப் போறேன்."

"நான் என்ன சொல்லிட்டேன் இப்போ?"

"'யாரு பாக்கப்போறா'ன்னு சொன்னீங்கல்ல, அது போதும் எனக்கு. ஊரே பாக்குது."

அவர் குனிந்து தட்டைக் காலி செய்தார்.

ஐந்தாவது, ஒரு செருப்புக் கடைக்கு மேலே ஆறாம் மாடியில். மர லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. நடத்துபவர் மதாம் இவோன் என்ற வயதான அம்மாள், மடியில் பூனையோடு உட்கார்ந்திருந்தார். அறையைக் காட்டினார். தலையணையை மோந்து பார்த்தேன், சோப்பு வாசம். குழாயைத் திறந்தேன், வெந்நீர். பால்கனிக் கதவைத் தள்ளினேன். கீழே கெய்ரோ முழுவதும் ஹாரன் அடித்துக்கொண்டு ஓடியது. என் வாழ்நாளில் எனக்கென்று யாரும் இப்படி ஓர் அறையைத் திறந்துவிட்டதில்லை.

"காலைல டிஃபன் வாடகையிலேயே சேர்த்தி" என்றார் மதாம். பிறகு அட்டைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அடடா."

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். வாத்து உட்பட.

அவர் கேட்டுவிட்டு, "நம்புறேன்மா. ஆனா ஒரு எழுத்து இல்லாம என்னால முடியாது" என்றார். "கெய்ரோவுல ரத்த சொந்தம் யாராவது இருந்தா, அட்டையோட வந்து கையெழுத்துப் போடச் சொல்லு. அது எனக்குப் போதும்."

ரத்த சொந்தம். இருபது லட்சமோ இரண்டு கோடியோ பேர் இருக்கும் இந்த ஊரில் எங்களுக்கு இருப்பது ஒரே ஒருத்திதான். ஷஹாத்தா என் முகத்தைப் பார்க்காமல் பூனையைப் பார்த்தார். நான் பால்கனியை இன்னொருமுறை பார்த்தேன். அவள் வீட்டில் படுப்பதில்லை என்றுதானே ஆணையிட்டேன், அவளைக் கூப்பிடுவதில்லை என்று இல்லையே. ஃபோனை நானே எடுத்தேன்.

நகாத் அரை மணியில் வந்தாள், கைப்பையும் பூப்போட்ட முக்காடுமாக. முகமெல்லாம் வெற்றிச் சிரிப்பு.

"இதெல்லாம் தேவையா ஷஹாத்தா? பெட்டியத் தூக்கு. வீட்டுக்குப் போலாம். ராத்திரிக்கு மொலோகியாக் கீரை வெக்கணும், இவ வந்தா இலை நறுக்குவா."

இவ. நறுக்குவா. எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. நான் பதில் சொல்வதற்குள் மதாம் பேனாவை எடுத்தார்.

"இவர் உங்களுக்கு யாரு?"

"என் தம்பி."

"இந்த அம்மா?"

நகாத் என்னைப் பார்த்தாள். "கிர்காவுல ரொட்டிக்கடைக்காரர்..."

"அவங்கப்பா யாருன்னு நான் கேக்கல. உங்களுக்கு யாரு?"

நகாத் கைப்பையைத் திறந்தாள், மூடினாள். "எதுக்குங்க இந்த விசாரணை? அதான் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேனே."

அப்போதுதான் ஷஹாத்தா பேசினார். அக்கா முன்னால் முப்பத்தோரு வருடமாகக் குரல் உயர்த்தாத மனிதர்.

"அவ வரமாட்டா அக்கா. அவ வராத எடத்துக்கு நானும் வரமாட்டேன். நீ சொல்லலேன்னா ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல உக்காந்திருப்போம். நகாத்தோட தம்பி ஸ்டேஷன்ல படுத்திருந்தான்னு நாளைக்கு கிர்கா பூரா தெரியும். சொல்லு, இவ யாரு?"

லிஃப்ட் முனகிக்கொண்டே கீழே போய் மறுபடி மேலே வந்தது.

"என் தம்பி பொண்டாட்டி" என்றாள் நகாத்.

"பூனை கத்துது, சரியாக் கேக்கல" என்றார் மதாம். பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி பொண்டாட்டி! இன்சாஃப், என் தம்பி ஷஹாத்தாவோட பொண்டாட்டி! போதுமா?"

"போதும். அதையே இங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுதினாள். என் பெயரை முழுதாக எழுதினாள், என் அப்பா பெயரோடு. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன்.

"காலைல எட்டு மணிக்கு வாங்க அக்கா. எங்ககூட டிஃபன் சாப்பிடுங்க."

அவள் வந்தாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன், ஆனால் சரியாக எட்டு மணிக்கு லிஃப்ட் முனகியது. மூன்றாவது ஆளுக்கு நான் தனியாகக் காசு கொடுத்திருந்தேன். பால்கனியில் மேசை போட்டு, வேகவைத்த ஃபூல் பயறு, முட்டை, வெள்ளைப் பாலாடைக்கட்டி, சூடான ரொட்டி. முதலில் கொறித்தாள், பிறகு நன்றாகவே சாப்பிட்டாள். மிருகக்காட்சிசாலைக்கு எந்த பஸ் போகும் என்று ஷஹாத்தாவுக்கு விலாவாரியாகச் சொன்னாள். நானும் வரட்டுமா என்று கேட்டாள். வாங்களேன் என்றேன்.

டீயைக் குடித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் நான் தட்டுகளை அடுக்க எழுந்தேன். அவளும் எழுந்து என் கையிலிருந்து தட்டை வாங்கினாள். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை.

நான் அதை மெல்லத் திரும்ப வாங்கி மேசைமேல் வைத்தேன்.

"உக்காருங்க அக்கா" என்றேன். "இது ஹோட்டல். இங்க நம்ம ரெண்டு பேருமே பாத்திரம் கழுவ வேணாம்."