அக்குளில் மூன்று வெட்டு

என் தம்பிக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. எட்டு வருடமாக என் சலூனில் இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால் நின்று, வருகிறவர்கள் கழுத்தில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறான். அதற்காகவே கடையில் ஒரு சட்டம் வைத்தேன். ஒரு வெட்டு விழுந்தால் ஒரு நாள் கடை பெருக்க வேண்டும். எட்டு வருடமாக அவன்தான் பெருக்குகிறான். நான் துடைப்பத்தைத் தொட்டதே இல்லை.

முப்பது வருடம் தூக்கிப் பிடித்த என் வலது கை ஒரு நாள் பாதியிலேயே நின்றுவிட்டது. தோளில் தசைநார் கிழிந்திருப்பதாக டாக்டர் சொன்னார்.

"சீக்கிரம் தைக்கணும். நாளாக ஆக நார் உள்ள இழுத்துக்கிட்டே போகும். அப்புறம் எலும்புக்கு எட்டாது, கை மேல வராது."

கை மேலே வராதவன் சலூன் வைத்து என்ன செய்வது? பயந்துதான் போனேன். ஆனாலும் அவர் தலையைப் பார்த்தேன். ஒரு கிருதா மேலே, ஒன்று கீழே. இதைக்கூடக் கவனிக்காத மனிதர் என் நாரை எந்த லட்சணத்தில் தைக்கப்போகிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அறுவை செய்யும் இடத்தில் நீங்களாகச் சவரம் செய்யக் கூடாது, நாங்களே மிஷின் வைத்து முடி எடுப்போம் என்று இருந்தது. சிரிப்பு வந்தது. ஊரில் இருக்கிற அரைகுறைகளுக்காக எழுதியது அது. எவரோ வந்து என் அக்குளைச் சுரண்டிவிட்டுப் போவதா?

மருத்துவமனையில் சேர வேண்டிய நாள் காலையில், மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, வலது கையைத் தூக்கி அலமாரித் தட்டில் சாய்த்து வைத்தேன். இடது கையில் கத்தியை எடுத்தேன். மூன்று இடத்தில் வெட்டு. படிகாரம் வைத்து அமுக்கினேன், ரத்தம் நின்றது.

மாலையில் தனியாகப் போய்ச் சேர்ந்தேன். நர்ஸ் என் சட்டையைக் கழற்றிப் பார்த்தாள்.

"எந்தக் கடைல சார் பண்ணிக்கிட்டீங்க? இனிமே அந்தப் பக்கமே போகாதீங்க."

டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, தோலில் வெட்டோடு தோளைத் திறந்தால் உள்ளே சீழ் பிடிக்கும், ஆறிய பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மூன்றில் ஒன்று பழுத்தும்விட்டது. மூன்று வாரம் போயிற்று.

வீட்டில், கட்டில் காலி இல்லையாம் என்று சொல்லிவைத்தேன். மனைவி மருத்துவமனையைத் திட்டினாள். தம்பி இன்னும் பலமாகத் திட்டினான். வெட்கமில்லாமல் நானும் சேர்ந்து திட்டினேன்.

அறுவை முடிந்து கண் விழித்ததும் டாக்டர் சொன்னார்: "பாதிதான் எட்டுச்சு. மூணு வாரம் முன்னாடின்னா முழுசாப் பிடிச்சிருக்கலாம். தோளுக்கு மேல கை வரும்னு எதிர்பார்க்காதீங்க."

ஆறு வாரம் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கையைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். தம்பி தினமும் கடை திறக்கும் முன் வந்து எனக்குச் சவரம் செய்து பொத்தான் போட்டுவிட்டுப் போவான். "தோலை இழுத்துப் புடிடா, கத்தியைப் படுக்க வை" என்று அதட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள்கூட ரத்தம் வரவில்லை. அதை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில், தொட்டிலைக் கழற்றி என்னை முன்னால் குனியச் சொன்னான். கை தானாகத் தொங்க, ஈரத் துணியால் அக்குளைத் துடைத்தான். துணி பாதியில் நின்றது.

"இது ஆபரேஷன் தழும்பு இல்லையேண்ணா. கத்தி பட்டது. இடது கைல, செங்குத்தாப் புடிச்சிருக்கீங்க."

"துணியை நல்லாப் பிழிடா, தண்ணி ஒழுகுது" என்றேன்.

"கட்டில் காலி இல்லைன்னு சொன்னீங்க."

அவன் எனக்குச் சட்டையை மாட்டி, பொத்தான்களைப் போட்டுவிட்டுக் கிளம்பினான்.

ஆறு வாரம் முடிந்து தொட்டில் கழன்ற மறுநாள் கடைக்குப் போனேன். நாலு பேர் காத்திருந்தார்கள். கத்தரியை எடுத்துத் தூக்கிப் பார்த்தேன். கை என் நெஞ்சு வரை வந்து நின்றது. தம்பி கத்தரியை வாங்கி வைத்துவிட்டு, என் இடது கையில் துடைப்பத்தைக் கொடுத்தான்.

"மூணு வெட்டுண்ணா. மூணு நாள்."

பெருக்கினேன். முதல் நாற்காலிக்கு அடியில் கொஞ்சம் முடி விட்டுப்போயிருந்தது. இப்போது அங்கே நிற்பது அவன்தான். வெட்டுவதை நிறுத்தாமல், அதைச் சீப்பால் சுட்டிக் காட்டினான்.