நாக்கில் நிற்காத குழாய்

அகமது மீரான் வளைகுடா நாட்டுத் தம்மாமிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பழைய ஜப்பான் கார், வேகத்தில் ஒழுங்காக ஓடியது. வேகம் குறைந்தால் நடுங்கி அணைந்தது. மேலப்பாளையத்தில் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியும் பயனில்லை. சமாதானபுரத்தில் பட்டறை வைத்திருந்த சாலமோன், கழிவுப்புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வால்வைச் சந்தேகித்தான்.

அதைச் சோதிக்கும் கைப்பம்பு அவனிடம் இல்லை, வாய்தான் கருவி. வால்வின் தலையில் ரப்பர் குழாயை மாட்டிக் காற்றை உறிஞ்சி, முனையை நாக்கால் அடைப்பான். உள்ளிருக்கும் சவ்வு முழுதாக இருந்தால் குழாய் மாஞ்சோலைக் காட்டு அட்டைபோல் நாக்கைக் கவ்வித் தொங்கும், கிழிந்திருந்தால் கழன்றுவிடும்.

உறிஞ்சினான். குழாய் கழன்று விழுந்தது.

"சவ்வு போச்சு அண்ணாச்சி. புதுசுதான் போடணும்."

"தம்மாம்ல இருந்துல்லா வரணும். அதுக்குள்ள எம் மவ நிக்காஹே முடிஞ்சிரும். இன்னொருக்கா பாரும் வே. வெத்தலையக் கொதப்பிக்கிட்டே பாத்தீரோ என்னமோ" என்றார் பக்கத்தில் நின்ற மீரான்.

சோற்றுத் தூக்கோடு வந்து நின்ற சாலமோனின் மனைவி சாரம்மாள் குறுக்கிட்டாள். "வெத்தலைய விட்டு நாளாச்சு அண்ணாச்சி. சோறே எறங்கல. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா, இவுக சூட்டுப் புண்ணுங்காவ."

"நீ சும்மா இரி."

நாக்கின் ஓரத்துப் புண் சித்திரை வெயிலில் வந்தது, ஆடிச் சாரலில் ஆறிவிடும் என்று அவன் தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தான். ஆடி வந்து போய்விட்டது. அவன் தகப்பனாரும் சூட்டுப் புண் என்று சொல்லிச் சொல்லித்தான், கன்னம் துளைந்து செத்தார்.

"இங்கன கொண்டாரும், நான் பாக்கேன்" என்றார் மீரான்.

சாலமோன் வேறொரு துண்டுக் குழாயை வெட்டி மாட்டிக் கொடுத்தான். மீரான் உறிஞ்சி, நாக்கை வைத்தார். குழாய் தொங்கியது. இரு கைகளையும் விரித்துக் காட்டினார், அப்போதும் தொங்கியது. பிறகு பிடுங்கி எடுத்துச் சிரித்தார்.

"நாக்கே கையோட வந்துரும் போலிருக்கு. இதப் போயி கிழிஞ்சதுங்கீரு."

சாலமோன் கீழே கிடந்த தன் குழாயை எடுத்து, ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தான். கிழிவதற்கு அங்கே சவ்வே கிடையாது. மறுமுனையை உறிஞ்சி நாக்கைப் பதித்தான். நாக்கு வளையவில்லை, புண்ணின் தடித்த விளிம்போரம் காற்று சீறி உள்ளே போயிற்று. குழாய் விழுந்தது. அதன் முனையில் ரத்தம் இருந்தது.

சாரம்மாள் அதைப் பார்த்தாள்.

"வால்வு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. வேற எங்கனயோ காத்து இழுக்கு. வேற ஆள வச்சுப் பாத்துக்கிடுங்க."

"ஏன் வே, கோவமா? வெளையாட்டுக்குல்லா சொன்னேன்."

சாலமோன் குனிந்து, கழற்றிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பைய முறுக்கத் தொடங்கினான். சாப்பாட்டு நேரம் கடந்துகொண்டிருந்தது. அவன் எழவில்லை, தூக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்ற சாரம்மாளும் அவனைக் கூப்பிடவில்லை.