ஒன்றேகால் அங்குலம்

தையற்காரியின் அண்ணன் செத்துப்போய் நாலு மாதம்கூட முடியவில்லை. அவனுடைய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அண்ணி போட்டிக்குக் கிளம்பிவிட்டாள் என்று தெருவே வாயில் போட்டு மென்றது. மென்றவர்களில் பாதிப் பேர் அன்று காலையிலேயே மைதானத்து வேலியோரம் இடம் பிடித்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஆகாயத்தில் வீசும் மண்தட்டுகளைச் சுட்டு உடைக்க வேண்டும். அதுவும், இரண்டு குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கிடக்கும் பழைய மாதிரித் துப்பாக்கியால் மட்டும். அணிக்கு மூன்று பேர்: தையற்காரி, தச்சர், அண்ணன் இருந்த இடத்தில் இப்போது அண்ணி.

முதல் சுற்றில் இருபத்தைந்து தட்டுக்கு அண்ணி உடைத்தது ஒன்பது. அண்ணன் ஆறடி ஆள். துப்பாக்கியின் மரக்கட்டை அவன் கைக்கு அளவெடுத்துச் செய்தது. அண்ணி அதைத் தோளுக்கு ஏற்றுவதற்குள் கட்டை அவள் போட்டிருந்த கோட்டில் சிக்கும். தட்டு முழுசாகப் புல்லில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இடைவேளையில் அண்ணி கோட்டை விலக்கிக் காட்டினாள். புஜம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது.

"கட்டையில ஒன்றரை அங்குலம் அறுத்தா சரியாப் போயிடும். ரம்பம் வண்டியிலயே இருக்கு," என்றார் தச்சர்.

"அறுத்ததைத் திரும்ப ஒட்டுவீங்களா?"

"ஒட்டலாம். ஒட்டினதுன்னு தெரியும், தையக்காரம்மா."

செத்தவர்களின் கோட்டை மகனுக்கோ மருமகனுக்கோ அளவாகப் பிடித்துத் தைத்துக் கொடுப்பது தையற்காரியின் கடையில் வாரம் ஒன்றாவது நடக்கும். ஒரு நாளும் கத்தரிக்கோல் தயங்கியதில்லை. இன்று தயங்கினாள்.

"வேணாம் அண்ணி. நீங்க விலகிக்கங்க. அணி போனாப் போகட்டும். அண்ணன் வெச்சது வெச்சபடி இருக்கட்டும்."

"அவர் சட்டையெல்லாம் எடுத்துட்டுப் போன. செருப்பைக்கூட விடல. நான் வாயைத் தொறந்தேனா?" அண்ணி குரலை உயர்த்தவில்லை. "இது ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம். அலமாரியில வெச்சுப் பாத்துக்கிட்டிருக்க எனக்கு வேணாம்டி. தோள்ல வெச்சுக்கணும்."

வேலியோரம் கழுத்துகள் நீண்டன. ஒன்றும் கேட்கவில்லை, பாவம்.

தையற்காரி பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். பிறகு, "கோட்டைக் கழட்டிட்டு முழங்கையை மடிங்க," என்றாள். முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல்வரை நாடாவை ஓட்டினாள். "தச்சரே, ஒன்றரை வேணாம். வெயில் ஏறிடுச்சு, இனி கோட்டு இல்லாமத்தான் சுடுவாங்க. துணி கனம் போச்சுன்னா ஒண்ணேகால் போதும்."

"துணி கனமா, இல்ல உங்களுக்கு மனசு வரலையா?"

"ரெண்டும்தான். அறுங்க."

தச்சர் குழலைத் தனியாகக் கழற்றி வைத்தார். கட்டை ஆடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டது தையற்காரிதான். ரம்பம் போய்வந்த அத்தனை தடவையும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் அண்ணி தட்டு வீசுபவனைப் பார்த்து, "விடு!" என்றாள். தட்டு தூளானது. அடுத்ததும். வேலியோரம் கைதட்டியது, காலையில் மென்ற அதே கூட்டம்.

அடுத்து தையற்காரியின் முறை. அண்ணியின் தோளில் இருந்த துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்த அவளை நடுவர் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.