பச்சைப் புள்ளி

பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குக் கிளம்பும்போது, ஷூவை மாட்டியபடியே ஓக்ரான் தினமும் ஒன்றையே சொல்வாள்: "ஏங்க, புள்ள கம்ப்யூட்டரப் போட்டு விட்டுருங்க."

பைக் விபத்தில் மகன் ஹான்சொல் போய் ஒன்றரை வருடமாகிறது. ஆளில்லாத அறையில் மெஷின் எதற்கு என்று அவள் கணவர் குவாங்சிக் கேட்டதில்லை, போட்டுவிடுவார். அது திணறித் திணறி எழுந்து உட்காரப் பத்து நிமிடமாகும். முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவருக்கு, கிளம்பாத வண்டி முன்னால் நிற்பதைப்போல எரிச்சல் வேறில்லை. அன்று ஓக்ரான் போனதும், கீழ்க்கடை கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரி பே அம்மாளைக் கூட்டிவந்துவிட்டார்.

அவள் மெஷினில் ஓடும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்து உதட்டைப் பிதுக்கினாள். "மெஷின் மேல தப்பில்ல சார். போட்ட உடனே பதினேழு புரோகிராம் தானா எந்திரிச்சு ஓடுது. பாதிக்கு மேல பேங்க் பாதுகாப்பு. நம்ம ஊர்ல ஒவ்வொரு பேங்க்கும் ஒண்ண ஏத்தி விட்டுருதே."

"அதுல கை வைக்காதீங்கம்மா. பேங்க் சமாச்சாரம், வம்பு."

"எடுத்தாலும் திரும்ப வந்து ஒட்டிக்கும். பிரிண்டருக்கு ஒண்ணு ஓடுது. பிரிண்டர் இருக்கா?"

"இல்ல."

"அப்ப வேணாம். இந்த அரட்டைப் புரோகிராம்? தம்பி பேர்ல தானா உள்ள போய் உக்காந்துக்குது. இது தேவையா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "ஆளே இல்ல. அவன் பேர்ல யாரு பேசப் போறா? அடியோட எடுத்துடுங்க."

அரை நிமிடத்தில் மெஷின் திறந்துகொண்டது. சாயங்காலம் மனைவியிடம் காட்ட வேண்டும் என்று குவாங்சிக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

பத்தரைக்கு ஓக்ரான் போன் செய்தாள். பின்னால் தட்டு கழுவும் சத்தம்.

"ஹான்சொல் அப்பா." மகன் போனதிலிருந்து அவள் வாயில் வராத அழைப்பு. "கம்ப்யூட்டரப் போடலியா?"

"போட்டேனே. இப்ப ஜம்முனு ஓடுது."

"பின்ன ஏன் புள்ள பேருக்குப் பக்கத்துல பச்சப் புள்ளி வரல?"

குவாங்சிக் போனைக் காதில் வைத்தபடியே மெஷின் பக்கம் திரும்பினார்.

"சோத்த வேக வச்சுட்டு, கையுறையக் கழட்டிட்டு ஒரு தடவ என் போன்ல அந்த அரட்டையத் திறந்து பாப்பேன். அவன் உள்ள இருக்கான்னு காட்டும். மெஷின்தான், எனக்குத் தெரியாதா? அதப் பாத்தாத்தான் மத்தியானம் வரைக்கும் நிக்க முடியுது."

பே அம்மாள் ஓடிவந்து புரோகிராமைத் திரும்ப ஏற்றினாள். அது கடவுச்சொல் கேட்டது. மறந்திருந்தால் ஹான்சொலின் போனுக்கு எண் அனுப்புவதாகச் சொன்னது. அந்தப் போன் இணைப்பைப் போன வருடம் ரத்து செய்ததும் குவாங்சிக்தான். பிறந்தநாளை அடித்தார்கள், அம்மா பெயரை அடித்தார்கள். எதற்கும் திறக்கவில்லை. சாயங்காலம் எல்லாவற்றையும் கேட்ட ஓக்ரான் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை அவள் ஷூவை மாட்டிக்கொண்டு வெகுநேரம் குனிந்தே இருந்தாள். பிறகு, "போட்டு விட்டுருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

போட்டார். அரை நிமிடம்தான். திரையின் நடுவில் மகனின் பெயர், அதன் கீழே கடவுச்சொல்லுக்கான காலிப் பெட்டி, அதற்குள் துடிக்கும் ஒரு கோடு. குவாங்சிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஹான்சொல் முன்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன தன் பஸ்ஸின் எண்ணை, ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினார்.