ரோஜா விழுந்த பிறகு

அன்று பகல் கடையில் இருந்தவர்கள்: முதலாளி றம்ஸீன், நஸீபா, நான்.

ஏறாவூரில் கலியாண வீடியோ எடுக்கிற கடை. நஸீபாவின் கலியாணத்தில் அவளுடைய வாப்பா மைக்கைப் பிடித்து, வீடு மகளுக்கு என்று சொல்லியிருந்தார். எழுதிக் கொடுப்பதற்குள் மௌத்தாகிவிட்டார். இப்போது அவளுடைய காக்கா, கூடப் பிறந்த அண்ணன், வீடு தனது என்கிறார். அவளிடமிருந்த சீடியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கடையில் இருக்கும் படத்தைக் கேட்டு வந்திருந்தாள்.

ஒரு வருடம் கழிந்த படங்களை வேகமான டிஸ்க்கிலிருந்து பின்னறையின் பெரிய, மெதுவான டிஸ்க்குகளுக்கு மாற்றி, மூலத்தை அழிப்பது என் வேலை. கொழும்பில் ஆறு வருடம் இரவு முழுக்க இதைத்தான் செய்தேன். கோப்பு முழுவதையும் கணினி படித்து ஓர் எண் தரும். மாற்றிய பின் மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். ஒரு புள்ளி புரண்டாலும் எண் மாறிவிடும். அலுத்துப்போய்த்தான் விட்டுவிட்டு வந்தேன். இங்கே முதல் எண்ணை மட்டும் எடுத்து வைத்தேன். இரண்டாவதற்குப் பதில் படத்தைத் திறப்பேன். தொடக்கத்தில் திரையில் ரோஜா விழும், மணமக்கள் பெயர் வரும். சரியென்று மூடிவிடுவேன். எல்லாப் படத்திலும் ரோஜா நன்றாகத்தான் விழுந்தது.

"இந்தா, வாப்பா மைக்க எடுக்கார்" என்றாள் நஸீபா, நான் போட்ட படத்தைக் காட்டி.

அவர் வாயைத் திறந்தார். முகம் சாம்பல் சதுரங்களாக உடைந்தது. பேச்சு இருந்த இடத்தில் கரகரப்பு. படம் தெளிந்தபோது மைக் வேறொருவர் கையில் இருந்தது.

"திரும்பப் போடு தம்பி" என்றாள்.

மூன்று தடவை போட்டேன்.

"கரண்ட் போய் வந்ததுல பழுதாகியிருக்கும் தங்கச்சி" என்றார் றம்ஸீன்.

"உங்கட ரோசாப்பூவுக்கு மட்டும் கரண்ட் போகல்லயா?"

இரண்டாவது எண்ணை எடுத்தேன். ஒத்துவரவில்லை.

"கரண்ட் இல்லக்கா. மாத்தக்குள்ள பழுதாகியிருக்கு. நான் பாக்காம மூலத்த அழிச்சிட்டன்."

அவள் என்னைத் திட்டவில்லை. "அத எழுதித் தா. நாளைக்குப் பள்ளிவாசல்ல விசாரணை. அப்பிடியொரு வீடியோவே இல்லண்டு காக்கா சொல்றார்."

"எழுதினா உனக்கு இங்க வேலையில்ல" என்றார் றம்ஸீன். "நாளைக்கு முழு ஊரும் வந்து வாசல்ல நிக்கும்."

எழுதினேன். அன்றைய எண், இன்றைய எண், என் பெயர்.

"வாப்பா சொன்னத எழுதல்லயே?"

"அத நான் காதால கேக்கல்லக்கா."

அவள் தாளை நான்காக மடித்துக்கொண்டு போனாள்.

நான் மற்றக் கலியாணப் படங்களையும் கணினியிடம் சோதிக்கக் கொடுத்தேன். பிழை ஒன்பது என்று வந்தபோது றம்ஸீன் என்னிடமிருந்த கடைச் சாவிக்குக் கை நீட்டினார். கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கண்ணாடிக்கு அப்பால், திரையில் ஒன்பது பத்தானது. அவர் அதைப் பார்க்காமல் கதவை இழுத்துச் சாத்தினார். சாவி இரண்டு தடவை திரும்பியது.