ஒன்பதாம் நாள் ஜெபமும் இறுதி ஆட்டமும்

எங்கள் அப்பா எலிஹியோ ஜனவரியில் இறந்தார். பேஸ்பால் பருவம் முடியப்போகிற நேரம். எங்கள் ஊரான சான் பெத்ரோவின் அணி இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தது. மருத்துவமனையில் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டதே, "இன்னைக்கு யாரு பந்து வீசுறான்?" என்றுதான். பெயரைச் சொன்னேன். "அவனா" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

அப்பா பஸ் ஓட்டினார். ஆட்டம் நடக்கிற நாளில் அவருடைய பஸ்ஸில் ரேடியோ அலறும். இழுபறியான கட்டம் வந்துவிட்டால், கை நடுங்குகிறது என்று சொல்லி வண்டியைக் கரும்புக் காட்டோரம் நிறுத்திவிடுவார். பயணிகள் கோபித்துக்கொண்டதில்லை. அவர்களும் காதைத் தீட்டிக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தார்கள்! எங்கள் அணி ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். தோற்ற நாளில் அப்பா சாப்பிடமாட்டார். ஆனால் எனக்கும் தம்பி வில்ட்டனுக்கும் தன் தட்டிலிருந்தே ஊட்டிவிடுவார்.

அம்மா ஓவிதியாவுக்கு பேஸ்பால் என்றாலே எரிச்சல். நான் பிறந்த அன்று அப்பா மைதானத்தில் இருந்தாராம். ஆட்டம் முடிந்த பிறகுதான் என்னைப் பார்க்க ஓடிவந்தாராம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் ஒன்பது நாள் ஜெபமாலை சொல்வோம். ஒன்பதாம் நாள்தான் பெரிய நாள். ஊரே வரும், சாப்பாடு உண்டு. அப்பாவின் ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கே எங்கள் ஊர் மைதானத்தில் தலைநகர் அணியோடு இறுதி ஆட்டம். ஜெபம் ஐந்து மணிக்கு. ஆட்டமும் கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான் கடைசிச் சுற்றுகளுக்கு வரும்.

நியூயார்க்கிலிருந்து வந்திருந்த வில்ட்டன், ஜெபத்தைக் காலையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றான். அம்மா மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"உசுரோட இருந்தவரைக்கும் அந்தப் பந்துக்கு அப்புறம்தான் நான். இன்னைக்கு ஒரு நாளாவது நான் முதல்ல இருந்துக்கறேன். அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான்."

யாரும் வரமாட்டார்கள் என்று வில்ட்டன் முணுமுணுத்தான். வராதவர்கள் வரவேண்டாம் என்றாள். ஆனால் வாடகை நாற்காலிகளைப் போட்ட பிறகு, வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

எல்லாரும் வந்தார்கள். அப்பாவோடு பஸ் ஓட்டியவர்கள், அவருடைய பயணிகள், தெருக்காரர்கள். ஒருவர் கையிலும் ரேடியோ இல்லை. செல்போன்களை அணைத்துவிட்டிருந்தார்கள். மைதானத்தில் எப்போதும் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரும் தொமாசின், தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். டிக்கெட் கிடைக்கவில்லையா என்று அம்மா கேட்டாள். மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் 'தோன்யா' போட்டே அவர் பதில் சொன்னார்.

"கிடைச்சுது, தோன்யா ஓவிதியா. மருமகன்கிட்ட குடுத்துட்டேன். பக்கத்து சீட்டுல வேற யாராவது உக்காந்தா என்னால பாக்க முடியாது."

ஜெபம் சொல்ல வந்தவள் கன்ஃபெசோரா. குரல் கணீரென்று இருக்கும். அவள் சொல்லச் சொல்ல நாங்கள் பதில் சொன்னோம். ஜெபமாலையில் பாதி மணிகள்கூட உருளவில்லை, மைதானத்துப் பக்கமிருந்து பெரிய இரைச்சல் எழுந்து ஓய்ந்தது. சந்தோஷமா துக்கமா என்று புரியவில்லை. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். 'அருள் நிறைந்த மரியே' எல்லார் வாயிலும் தடுமாறியது. கன்ஃபெசோராவே எந்த மணியில் இருக்கிறோம் என்பதைத் தவறவிட்டாள்.

அம்மா கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

"என்ன ஆச்சுன்னு யாருக்காவது தெரியுமா? இத்தனை ஆம்பளைங்க இருக்கீங்க, ஒருத்தர்கிட்டகூட ரேடியோ இல்லையா?"

"உங்களுக்குக் குடுக்கற மரியாதை, தோன்யா" என்றார் தொமாசின்.

"நல்ல மரியாதை. அந்த மனுஷன் மேல இருந்து ஸ்கோர் கேட்டு என் உசுர வாங்கிக்கிட்டு இருப்பாரு."

உள்ளே போய் அப்பாவின் சின்ன ரேடியோவை எடுத்துவந்தாள். அவர் படத்துக்குப் பக்கத்தில், மெழுகுவர்த்திகளுக்கு நடுவே வைத்துத் திருகினாள். எந்த நிலையம் என்று யாரையும் கேட்கவில்லை. கன்ஃபெசோரா தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆட்டத்தின் கடைசிச் சுற்று. ஒரே ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தோம். மூன்று தளங்களிலும் எங்கள் ஆட்கள், ஆனால் இரண்டு பேர் ஏற்கெனவே அவுட். அடுத்து வந்தவன் முதல் பந்தையே தூக்கி அடித்தான். அது மேலே போய்க்கொண்டே இருந்தது. வேலியோரம் ஒருவன் பிடித்துவிட்டான். மூன்றாவது அவுட், தோற்றுப்போனோம்.

அப்பா போன நாளிலிருந்து அழாத அம்மா, காபி போடுவதும் ஆட்களை உட்காரவைப்பதுமாகவே இருந்த அம்மா, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அடக்க முடியவில்லை.

"முதல் பந்தையே ஏன்டி அடிக்கப் போனான்?" என்றாள் என்னிடம். "அந்த வீச்சுக்காரன் களைச்சுப் போயிருந்தானே. கொஞ்சம் பொறுத்திருந்தா அவனே கோட்டை விட்டிருப்பான்."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். ஆட்டத்தைப் பற்றி அம்மா இவ்வளவு தெரிந்தவள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

மீதி ஜெபத்தைச் சொல்லி முடித்தோம். வழக்கப்படி மெழுகுவர்த்திகளை அணைத்து, அப்பா படத்துக்குக் கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியை மடித்து வைத்தோம். பிறகு முற்றத்தில் சாப்பாடு. அங்கே அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசியில் அந்த ஆளை அடிக்க அனுப்பியதே தப்பு என்று தொமாசினோடு மல்லுக்கு நின்றாள். சுற்றிலும் பஸ்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். சோறு ஆறிப்போகிறது, அம்மாவைக் கூப்பிடு என்றான் வில்ட்டன். நான் கூப்பிடவில்லை.